புயலில் அடிபட்ட கேரியர்

போனுக்கு விலை தெரியும் என்று நான் நம்பினேன். அதுகூடப் பரவாயில்லை, ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நான் அதற்கும் ஒரு படி கீழே இறங்கினேன். ஒரு பொருளை நான் யாரிடம், என்ன விலைக்கு வாங்கினேன் என்பதும் போனுக்குத் தெரியும் என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், கடை வைத்து இருபது வருஷம் ஆன பிறகு, முழு சுயநினைவோடு நம்பினேன்.

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். பெரிய வீடுகள் பாகம் பிரியும்போதும் இடிபடும்போதும் வெளியே வருகிற சாமான்களை வாங்கி விற்கிற தொழில். எங்கள் தெரு முழுக்க இதே வியாபாரம்தான். பக்கத்துக் கடைக்காரர் கதவு, நிலை, தூண் என்று மரத்தில் இருக்கிறார். நான் அடுப்படியில் இருக்கிறேன்: எனாமல் கிண்ணம், பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, சாப்பாட்டுக் கேரியர்.

எங்கள் தெருவில் யாரும் விலைச் சீட்டு ஒட்டுவதில்லை. வருகிற ஆளைப் பார்த்துத்தான் விலை. இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. பக்கத்துக் கடைக்காரர் காரின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். நான் செருப்பைப் பார்ப்பேன். என் கடைக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். "லட்சுமி இருக்கிற இடம்" என்று காரணம் சொல்வேன். உண்மையான காரணம் கல்லாவுக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிற பழைய நிலைக்கண்ணாடி. அதில் பார்த்தால் வாசலில் கழற்றுகிற செருப்பு மட்டும் துல்லியமாகத் தெரியும். ஆள் குனிந்து நிமிர்ந்து உள்ளே வருவதற்குள் விலை என் வாயில் தயாராக இருக்கும். சாதாரணத் தோல் செருப்பு என்றால் ஒரு விலை. நல்ல கம்பெனி ஷூ என்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு, கூட ஒரு கதையும் இலவசம்.

விற்க வருகிறவர்களுக்கும் அதே கண்ணாடிதான். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ரப்பர் செருப்பாக இருந்து, வார் அறுந்து அதில் ஊக்கு குத்தியிருந்தால் நான் கேட்கிற விலை குறையும். அந்த ஆள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கொண்டுவந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மனம் வராது. இவ்வளவையும் அந்த ஒரு ஊக்கு எனக்குச் சொல்லிவிடும்.

அப்படி ஊக்கு குத்திய செருப்போடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்தான் மாவு விற்கும் அக்கா. சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறார். வீட்டுக்காரர் தச்சு வேலை. ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது கூலியில் ஒரு பகுதியைச் சாமானாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் வந்தது ஐந்தடுக்கு எனாமல் கேரியர், நீலப் பூ போட்டது, ஜோடியாக இரண்டு. அவர் ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். மூடியில் எனாமல் பெயர்ந்து, உள்ளே இருந்த கறுப்பு இரும்பு இலங்கை வரைபடம் மாதிரித் தெரிந்தது. நான் அந்த இலங்கையைக் காட்டிக் காட்டிப் பேசி, ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் வியாபாரிக்கு நாலாயிரத்துக்குக் கொடுத்தேன். அவரிடம் அதே இலங்கையைக் காட்டி, "ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வாரப்ப புயல்ல அடிபட்டது" என்றேன். குறையை விற்பதற்குத்தான் கதை. நல்ல சாமான் தானாக விற்கும்.

நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

இப்போது போன் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல ஷூ. நானும் நல்ல விலையோடு காத்திருந்தேன். அவர் அலமாரியில் இருந்த ஒரு சின்ன எனாமல் கேரியருக்கு முன்னால் போனைப் பிடித்தார். போட்டோ எடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் போனில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. எல்லாம் கேரியர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு விலை. அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நீலப் பூ போட்ட ஐந்தடுக்கு ஒன்று. கீழே முப்பத்திரண்டாயிரம்.

அவர் திரும்பி, ரொம்ப சாதாரணமாக, "நீங்க இதை என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்று கேட்டார்.

போன் சொல்லிவிட்டது, உறுதி செய்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதாக ஞாபகம். அவர் சிரித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அன்று மத்தியானமே மாவு அக்காவிடமிருந்து போன்.

"அண்ணே, வியாழக்கெழமை கடையில இருப்பீகளா? அந்த இன்னொரு கேரியரையும் கொண்டாரேன்."

"என்னக்கா திடீர்னு?"

"பைபாஸ்ல மூணு டிபன் கடை வந்திருக்குல்ல. தெனமும் மாவு கேக்குறாக. வீட்டு கிரைண்டர் தாங்கலண்ணே, ரெண்டு தடவை புகையே வந்துருச்சு. செக்காலை ரோட்டுல ஒரு கடையில பெரிய கிரைண்டர் பாத்து வச்சிருக்கேன். வாரக் கடைசிக்குள்ள கேக்குற அளவு மாவு குடுக்கலைன்னா பாக்கெட் மாவு வேன்காரனுக்குச் சொல்லிருவோம்ங்கிறாக."

"சரிக்கா, கொண்டாங்க."

"போன தடவைக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க. மிச்சத்துக்குக் காதுத் தோட்டைக் கழட்டணும்."

போனை வைத்த பிறகு என் மூளை முழு வேகத்தில் ஓடியது. வியாழக்கிழமை வருவார். வரும்போது கையில் போன் இருக்கும். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினால் முதல் கேரியரை என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றேன் என்பது வரிசையாக வந்து விழும். கேரியர் போகும், மானம் போகும், தெரு முழுக்கப் பேச்சாகும். கடையை மூடிவிட்டு என்ன தொழில் செய்யலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எனக்குச் செருப்புப் பார்க்க மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டேன்: "செருப்பு, செல்போன் இரண்டையும் வெளியில் விடவும்."

பக்கத்துக் கடைக்காரர் அதை இரண்டு தரம் படித்தார்.

"என்ன மாப்ள, கடையைக் கோயிலாக்கிட்டியா? அபிஷேகம் எத்தனை மணிக்கு?"

"சிரிக்காதீக மச்சான். போனைக் காட்டுனா எல்லாம் தெரியுதாம். நாம வாங்குன வெலை வரைக்கும்."

"நீ என்ன வெலைக்கு வாங்குனேன்னு உன் பொஞ்சாதிக்கே தெரியாது. போனுக்கு எவன் போயிச் சொல்லுவான்?"

நியாயமான கேள்வி. ஆனால் பயத்துக்குப் பதில் தேவைப்படவில்லை, அது தன் பாட்டுக்கு இருந்தது. அட்டை தொங்கிய அந்த ஒரு நாளில் ஆறு பேர் வாசல் வரை வந்து, படித்து, போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் மரியாதையாகச் செருப்பின் மேல் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் வந்தது பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்க.

சாயங்காலம் அட்டையைக் கழற்றினேன். எதிரியைத் தெரிந்துகொள்வோம் என்று புதன்கிழமை கடைக்கு விடுமுறை விட்டேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கும் லீவு. பொருளைக் காட்டினால் விலை சொல்கிற அந்த வித்தை அவள் போனில் இருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றக் கிளம்பினேன்.

ஆட்டுக்கல்லைக் காட்டினேன். தோட்டத்தில் பறவைகள் குளிக்க வைக்கிற தொட்டி என்றது. எச்சில் துப்புகிற பித்தளைப் படிக்கத்தைக் காட்டினேன். பூச்சாடி என்று, அதில் ரோஜா வைத்து நாலு படம் காட்டியது. முறுக்குப் பிழிகிற உழக்கைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஏதோ மருத்துவக் கருவி என்றது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இது என்னை விட மோசமாகப் புளுகுகிறது.

கடைசியாகக் கண்ணாடி முன்னால் நின்று என்னையே காட்டினேன். அது என்னை விட்டுவிட்டு என் சட்டைக்கு விலை சொன்னது. நான் செக்காலை ரோட்டில் கொடுத்ததை விட நூற்றிருபது ரூபாய் குறைவு. சட்டைக் கடைக்காரர் அன்றைக்கு நான் போட்டிருந்த நல்ல செருப்பைப் பார்த்திருக்கிறார் போல.

"என் போனை வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வாரீகளே, என்ன தொலைஞ்சு போச்சு?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பேசாமல் போனை வாங்கி, முதல் கேரியரை நான் விற்பதற்கு முன் எடுத்திருந்த படத்தைத் தேடி எடுத்து, அதற்கு அந்த வித்தையைப் போட்டாள். முதல் படமே அந்த முப்பத்திரண்டாயிரம்தான். மும்பையில் ஒரு கடை. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மூடியில் இலங்கை.

"இது நம்ம சாமானுல்ல?" என்றாள்.

கீழே ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருந்தது. வாசித்துச் சொன்னாள். ஒரு பெரும் வணிகக் குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பியபோது கடும் புயலில் சிக்கி, அலைகளிடமிருந்து காப்பாற்றப்பட்ட கேரியராம். மூடியில் இருக்கிற வடு அந்தப் புயலின் சாட்சியாம்.

"புயலா? இத ஆரு சொன்னா?" என்று என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. இந்தப் போன் எதையும் அறிந்து சொல்லவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்ல, அந்தக் கதை சென்னைக்குப் போய், மும்பைக்குப் போய், ஆங்கிலம் கற்றுக்கொண்டு, என்னையே பயமுறுத்தத் திரும்பி வந்திருக்கிறது. விலையும் அப்படித்தான். எங்கோ ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து கேட்கிற விலை. இன்னொன்றும் உறுத்தியது. ஆயிரத்து ஐந்நூறு, நாலாயிரம், முப்பத்திரண்டாயிரம். மாவு அக்காவின் செருப்பைப் பார்த்து நான் விலையைக் குறைத்த மாதிரியே, சென்னை வியாபாரி என் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் ரப்பர்தான். ஊக்கு மட்டும்தான் இல்லை. கண்ணாடி இல்லாமலே பார்த்திருக்கிறார், கெட்டிக்காரர்.

இவ்வளவு தெரிந்த பிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது. போனுக்கு ஒன்றும் தெரியாது, சரி. ஆனால் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால்? எனவே புதன் முழுக்க ஒரு பேச்சைத் தயார் செய்தேன். போனில் போடுகிற விலையெல்லாம் உண்மை விலை இல்லை, வாடகை, கரண்ட், கமிஷன் என்று ஆறு காரணங்கள். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி. கண்ணாடியில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. வெள்ளை, தடித்த அடிப்பாகம், ஓடுகிறவர்கள் போடுகிற ரகம். கயிற்றை அவிழ்க்கவே நேரமாயிற்று. அந்த நேரத்தில் நான் விலையை இரண்டு முறை ஏற்றினேன். நிமிராமலே ஆரம்பித்தேன்.

"வாங்க வாங்க. இங்குட்டு வந்து பாருங்க. எல்லாம் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த சாமான்."

"நான்தாண்ணே."

மாவு அக்கா. கையில் ஒரு கட்டைப் பை.

"என்னக்கா, ஷூவெல்லாம்?"

"குதிகால் வலி. நின்னுக்கிட்டே மாவு அள்ளுறது. ஆசுபத்திரில மெத்துன்னு போடச் சொன்னாக. அக்கா மகன் போட்டுக் கழிச்சது கெடந்துச்சு."

இருபது வருஷ அனுபவம் அங்கேயே ஆட்டம் கண்டது. அந்தத் தடுமாற்றத்தில், அவர் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே, என் தயார் செய்த பேச்சு தானாக வெளியே வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். போன்ல போட்டிருக்கிற வெலையெல்லாம் நம்பாதீக. அது சும்மா. கடை வாடகை இருக்கு, கரண்டு இருக்கு..."

அவர் என்னையே பார்த்தார்.

"போன்ல வெலை போட்டிருக்கா? எதுக்கு?"

அப்போதுதான் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தேன். பட்டன் போன். ஒரு பட்டன் தேய்ந்து எழுத்தே இல்லை.

"இல்ல, ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா கரண்டு வரைக்கும் போனீக? என்ன வெலை?"

பொய் சொல்வதில் நான் சோடை போனதே இல்லை. ஆனால் பயந்து போனவனுக்குப் பொய் வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் போனை எடுத்து, மனைவி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். அவர் விலையைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் முதலில் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக் கேரியரு."

"ஆமாக்கா. இப்ப பம்பாயில ஒரு கடையில இருக்கு."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"அந்த மூடி... கப்பல்ல வாரப்ப புயல்ல அடிபட்டுச்சுன்னு."

"புயலா? ஆடு தட்டிவிட்டுச்சுண்ணே. கழுவிக் கவுத்தி வச்சிருந்தேன், சனியன் தொட்டியில தண்ணி குடிக்கப் போயி உருட்டி விட்டுருச்சு." பிறகு விலையைப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். "ஆடு தட்டுனதுக்கே இம்புட்டு வெலையா? தெரிஞ்சிருந்தா இதையும் ரெண்டு தட்டு தட்டச் சொல்லியிருப்பேனே" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்குனீக."

"நான் நாலாயிரத்துக்குத்தான் குடுத்தேன்க்கா. சத்தியமா. மத்ததெல்லாம் எனக்கு மேல."

"எனக்கு மேல நீங்க இருந்தீக."

இதற்கு என் ஆறு காரணங்களில் ஒன்றும் பொருந்தவில்லை. அவர் பையிலிருந்து இரண்டாவது கேரியரை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். ஒரு கீறல் இல்லை. நீலப் பூ அன்றைக்குப் பூத்த மாதிரி இருந்தது.

"எனக்கு முப்பத்திரண்டாயிரம் வேணாம். கிரைண்டர் பதிமூவாயிரத்து ஐந்நூறு. அதை வாங்கிக் குடுத்துட்டு இதை எடுத்துக்கங்க."

"அக்கா, அது கொஞ்சம்..."

கேரியர் மறுபடி பைக்குள் போனது. "அப்ப அந்தப் பம்பாய்க்காரர் நம்பரைச் சொல்லுங்க. ஆட்டையும் கூட்டிக்கிட்டுப் போயி நானே பேசிக்கிறேன்."

நான் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டேன். "எங்கே மாப்ள?" என்றார். "கிரைண்டர் வாங்க" என்றேன்.

செக்காலையில் அந்தக் கடைக்குள் செருப்போடே போகலாம். கிரைண்டர் மேல் சீட்டு ஒட்டியிருந்தது: பதிமூவாயிரத்து ஐந்நூறு. பழக்க தோஷத்தில் பேரம் பேசிப் பார்த்தேன். கடைக்காரர் எங்கள் கால் பக்கமே பார்க்காமல், "எல்லாருக்கும் ஒரே வெலைதான் சார்" என்றார். எனக்கு அது புதுமையாக இருந்தது. யார் வந்தாலும் மாறாத விலை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் அதே கிரைண்டரை வாங்கினார். ஓட்டலுக்கு இரண்டாவதாம். கார்டைத் தேய்த்துவிட்டு, போனில் பேச்சை நிறுத்தாமலே வெளியே போனார். அக்கா கல்லைத் தூக்கிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். சீட்டில் இருந்த விலை ஒன்றுதான். ஆனால் அதற்காக அவர் கொடுத்தது ஒரு ஜோடியில் மிச்சமிருந்த கேரியரை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும், வீட்டிலேயே இறக்கிவிடுவோம் என்றார் கடைக்காரர். அக்கா கேட்கவில்லை. சரக்கு ஆட்டோ ஒன்றைப் பிடித்து, கிரைண்டரைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் பக்கத்திலேயே ஷூக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"தோடு தப்பிச்சுச்சுண்ணே" என்றார். வண்டி கிளம்பியது.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "அந்தம்மாவுக்குப் போன்ல பாக்கத் தெரியாதுல்ல. பெறகு ஆரு காட்டிக் குடுத்தது?"

நான்தான். போன் அல்ல.

டிபன் கடைகள் மூன்றில் இரண்டு இப்போதும் அக்காவிடம் மாவு வாங்குகின்றன. ஒன்று பாக்கெட் மாவுக்குப் போய்விட்டது. நீலப் பூக் கேரியர் என் கடையில் நாலு மாதம் இருந்தது, பிறகு எண்ணூறு ரூபாய் லாபத்தில் விற்றது. நிலைக்கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கிறது. மும்பைக் கடையின் படத்தை நேற்றும் பார்த்தேன். அதே முப்பத்திரண்டாயிரம், அதே புயல், மூடியில் அதே இலங்கை. அந்தக் கேரியரை இதுவரை யாரும் வாங்கவில்லை.